தணிக்கையாளரை நியமிப்பது யார்? சேலத்துக் கணக்குகளை வைத்து ஒரு விளக்கம்

"தணிக்கையில் லட்சக்கணக்கில் இழப்பு கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வந்தால், படிப்பவர் உடனே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார். யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. அவர்களை அரசு பிடித்துவிட்டது என்பது மற்றொன்று. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே சரியில்லை. தணிக்கை சொன்னது ஒரு கேள்வியாக மட்டும் இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு யாரையும் பிடிக்கும் அதிகாரமும் கிடையாது.

சேலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாநகராட்சி, பெரியார் பல்கலைக்கழகம், அரசுப் போக்குவரத்துக் கழகம், ஆவின் பால் ஒன்றியம், சுகவனேசுவரர் கோயில் என்று இந்த ஊரின் எல்லாப் பொதுக் கணக்குகளும் தணிக்கைக்கு உட்பட்டவை. செய்தியில் எல்லாமே "தணிக்கைத் துறை" என்ற ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. உண்மையில் தணிக்கை செய்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அவர்களை நியமிப்பவர்களும் வேறு. அறிக்கை போய்ச் சேரும் இடமும் வேறு. ஒரு தணிக்கை அறிக்கைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்ய, அதை எழுதியவரை யார் நியமித்தார்கள், யாரால் மாற்ற முடியும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜமாபந்தியிலிருந்து தொடங்கலாம்

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் அதை ஒட்டிய பாராமகால் பகுதியும் கும்பினியார் (கிழக்கிந்திய கம்பெனி) வசம் வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இங்கே நிலவரித் தீர்வையைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. உழவரிடமே அரசு நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்ட மண் இது. கர்ணம் எழுதிய கிராமக் கணக்கை ஆண்டுக்கொருமுறை மேலதிகாரி வந்து உட்கார்ந்து சரிபார்ப்பதுதான் ஜமாபந்தி. 1980-இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும் அது நிற்கவில்லை. இன்றும் கோடையில் தாலுகா அலுவலகங்களில் பந்தல் போட்டு நடக்கிறது. மக்கள் அதை மனு கொடுக்கும் நாளாகவே அறிந்திருக்கிறார்கள். அதன் உண்மையான வேலை கணக்கு முடிப்பது.

எழுதியவரே சரிபார்க்கக் கூடாது என்ற விதி ஜமாபந்தியில் இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதுபவரும் வருவாய்த் துறை, பார்ப்பவரும் வருவாய்த் துறை. இப்படி ஒரே வீட்டுக்குள் நடப்பது உள் தணிக்கை. அரசின் மொத்தச் செலவையும் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். செலவு செய்பவரின் கையில் அவருடைய சம்பளமோ, இடமாற்றமோ, பதவி உயர்வோ இருக்கக் கூடாது.

மேலே போகுமுன் சில சொற்கள். கணக்கைப் பார்க்கும்போது தணிக்கையாளர் எழுதிக் கேட்பது தணிக்கை வினா. திருப்தியான பதில் வராவிட்டால் அது தணிக்கைத் தடை ஆகிறது. அறிக்கையில் அந்தத் தடைக்கு ஒரு எண் விழும். அதைப் பத்தி என்பார்கள். பதில் ஏற்கப்பட்டால் பத்தி கைவிடப்படும். இல்லையேல் அது நிலுவைப் பத்தி. "நூற்றுக்கணக்கான தடைகள் நிலுவை" என்ற செய்தியை நூற்றுக்கணக்கான திருட்டுகள் என்று படிக்கக் கூடாது. ரசீது காட்டாததும் ஒரு பத்திதான். இல்லாத வேலைக்குப் பணம் கொடுத்ததும் ஒரு பத்திதான்.

மாநிலக் கணக்கைப் பார்ப்பவரை மாநில அரசு நியமிப்பதில்லை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மாநிலத் தணிக்கையாளர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆள். இந்தியாவில் அப்படி ஒரு மாநிலப் பதவி அரசமைப்பில் இல்லை. தமிழக அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர், நாடு முழுவதற்கும் ஒருவராக இருக்கும் இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர். செய்தித்தாள் வழக்கில் சி.ஏ.ஜி. 1860-இல் தொடங்கிய பதவியின் தொடர்ச்சி இது. இன்று அதில் இருப்பவர் கே. சஞ்சய் மூர்த்தி, 2024 நவம்பரில் பொறுப்பேற்றார்.

அரசமைப்பின் 148-ஆவது பிரிவும் 1971-ஆம் ஆண்டின் சி.ஏ.ஜி. சட்டமும் இந்தப் பதவிக்குப் போட்டிருக்கும் வேலி இது:

1. குடியரசுத் தலைவர் தம் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிக்கிறார். முதலமைச்சருக்கோ ஆளுநருக்கோ இதில் பங்கு இல்லை.

2. பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது. எது முந்துகிறதோ அதுவரை.

3. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையில்தான் நீக்க முடியும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

4. பதவியில் இருக்கும்போது அவருக்குப் பாதகமாகச் சம்பளத்தை மாற்ற முடியாது. அவருடைய அலுவலகச் செலவு ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு உட்படாமல், அரசின் பொதுக் கருவூலமான தொகுப்பு நிதியிலிருந்து நேராகவே போகிறது.

5. பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி எதையும் ஏற்க முடியாது.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இன்று கணக்குக் கேட்கப்படும் அமைச்சரிடம் நாளை வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி, கேள்வி கேட்பவருக்கு முதுகெலும்பு. அரசமைப்பு அவையில் 1949-இல் இந்தப் பதவி விவாதத்துக்கு வந்தபோது, அரசமைப்பில் இதைவிட முக்கியமான அலுவலர் இல்லை என்ற அளவுக்கு அம்பேத்கர் பேசினார்.

அவருடைய வேலை ரூபாய் பைசாவைக் கூட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. விதிப்படி செலவானதா என்று பார்ப்பார். செலவுக்குப் பலன் கிடைத்ததா என்றும் பார்ப்பார். மலைக் கிராமத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியதற்கான ரசீதுகள் எல்லாம் சரியாக இருக்கலாம். தொட்டிக்குக் குழாய் இணைப்பே கொடுக்காமல் விட்டிருக்கலாம். அதைக் கேட்பது செயலாக்கத் தணிக்கை. இப்படிக் கேட்க அதிகாரம் உண்டா என்று வழக்கே நடந்தது. சி.ஏ.ஜி. வெறும் கணக்குப்பிள்ளை அல்லர் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'ஏ.ஜி. ஆபீஸ்': ஒரு பெயர், இரண்டு வேலை

சேலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் எவரைக் கேட்டாலும் ஏ.ஜி. ஆபீஸைத் தெரியும். பென்ஷன் ஆர்டர் அங்கிருந்துதான் வர வேண்டும். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் அந்தக் கணக்காயர் அலுவலகம், சி.ஏ.ஜி.யின் கீழ் இயங்குவது. 1984-இல் நாடு முழுவதும் இந்த அலுவலகங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதி மாநிலக் கணக்கைத் தொகுக்கிறது. பென்ஷன், வருங்கால வைப்பு நிதி போன்றவற்றைக் கவனிக்கிறது. இன்னொரு பகுதி தணிக்கை மட்டும் செய்கிறது. மாவட்டங்களுக்குத் தணிக்கைக் குழுக்களை அனுப்புவது இரண்டாவது பகுதி.

அந்தக் குழுவில் வருபவர்களும் மாநில அரசு ஊழியர்கள் அல்லர். மேல்நிலை அதிகாரிகள் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைப் பணிக்கு வந்து, சிம்லாவில் பயிற்சி பெற்றவர்கள். களத்தில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டும் உதவித் தணிக்கை அலுவலர்கள், பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு மூலமோ துறைத் தேர்வில் வென்றோ வருகிறார்கள். சேலம் ஆட்சியரால் அவர்களில் ஒருவரைக்கூட இடமாற்றம் செய்ய முடியாது.

சேலத்தில் எந்தக் கணக்கு யார் கையில்?

1. ஆட்சியர் அலுவலகம், நெடுஞ்சாலைத் துறை, வனத் துறை, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவை நேரடி அரசுத் துறைகள். இவற்றைப் பார்ப்பது சென்னைக் கணக்காயர் அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவு.

2. அரசு நிறுவனங்கள் வேறு வகை. முன்பு அண்ணா போக்குவரத்துக் கழகம் என்றிருந்த சேலம் போக்குவரத்துக் கழகமும், வெள்ளைக்கல் வெட்டும் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனமும் கம்பெனிச் சட்டப்படி பதிவானவை. இவற்றின் கணக்கைத் தனியார் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஒன்று தணிக்கை செய்கிறது. ஆனால் அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது இயக்குநர் குழு அல்ல, சி.ஏ.ஜி. நிதியாண்டு தொடங்கி 180 நாள்களுக்குள் நியமிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு. அறிக்கை வந்த 60 நாள்களுக்குள் சி.ஏ.ஜி. துணைத் தணிக்கை செய்து தம் கருத்தைச் சேர்க்கலாம்.

3. மாநகராட்சி, நகராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், பல்கலைக்கழகம் ஆகியவை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் பொறுப்பு. இது மாநில அரசின் நிதித் துறைக்குக் கீழே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. இயக்குநரை நியமிப்பது மாநில அரசு. உதவி ஆய்வாளர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. குரூப் 2 தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் சிலர் போய்ச் சேரும் வேலை இது.

4. தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், பால் ஒன்றியம், கோயில்கள் ஆகியவற்றுக்குக் கூட்டுறவுத் தணிக்கை, பால் கூட்டுறவுத் தணிக்கை, அறநிலையத் தணிக்கை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இவையும் நிதித் துறையின் கீழ் வருகின்றன. கூட்டுறவில் தணிக்கை அறிக்கையின் பின்னால் "81 விசாரணை" என்ற சொல் அடிபடும். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ஆவது பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 87-ஆவது பிரிவின்படி, சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடமிருந்தே பணத்தை வசூலிக்கவும் வழி உண்டு.

இந்த நான்கையும் பார்த்தால் ஒரு கோடு தெரியும். முதல் இரண்டில் தணிக்கையாளரின் நியமனம் மாநில அரசின் கைக்கு வெளியே இருக்கிறது. பின்னிரண்டில் உள்ளே இருக்கிறது. சேலம் மாநகராட்சி ஆணையரால் உள்ளாட்சித் தணிக்கை அதிகாரியை மாற்ற முடியாது என்பது உண்மை. மாநில அரசால் முடியும் என்பதும் உண்மை. ஆணையரையும் அதே மாநில அரசுதான் அனுப்புகிறது. அந்த அதிகாரிகளின் நேர்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. மாநகராட்சிகள், பல்கலைக்கழகங்கள் பற்றி அவர்கள் எழுதும் கடுமையான பத்திகள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அவர்களுக்கு 148-ஆவது பிரிவு தரும் வேலி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் 11-ஆவது குழு இந்தக் குறையைக் கண்டு, உள்ளாட்சித் தணிக்கைக்குச் சி.ஏ.ஜி.யின் தொழில்நுட்ப வழிகாட்டுதலும் மேற்பார்வையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழிகாட்டுதல் இருக்கிறது, நியமனம் மாறவில்லை.

ஒரு தாங்கு சுவரும் ஒரு பத்தியும்

ஒரு தடை எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஏற்காடு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றின் அருகே, மழையில் சரிந்த இடத்தில் கருங்கல் தாங்கு சுவர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவர் நன்றாகவே நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக் குழு வருகிறது. மலை ஏறிச் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர்களின் முதல் வேலை இல்லை. அவர்கள் கேட்பது அளவுப் புத்தகம்.

எம்-புக் என்று பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் சொல்லும் அந்தப் புத்தகத்துக்குப் பக்க எண் அச்சிட்டிருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது. அடித்தால் கையெழுத்துப் போட வேண்டும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை உதவிப் பொறியாளர் எழுதியிருப்பார். மேலதிகாரி ஒரு பகுதியைத் தாமே அளந்து சரிபார்த்ததற்கு ஒப்பம் இட்டிருப்பார். 600 கனமீட்டர் கல் வேலை. மதிப்பீட்டில் கல் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள குவாரியிலிருந்து வந்ததாக 'லீட்' (பொருளைக் கொண்டுவரும் தூரம்) கணக்கிட்டுத் தொகை கொடுத்திருக்கிறார்கள். கோப்பிலேயே இருக்கும் நடைச்சீட்டுகளை (கல் ஏற்றிய லாரிக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுகள்) எடுத்துப் பார்த்தால், கல் ஏற்றிய இடம் 15 கிலோமீட்டரில் இருக்கும் வேறொரு குவாரி. கனமீட்டருக்கு 250 ரூபாய் கூடுதல் என்றால் 1,50,000 ரூபாய். தணிக்கை வினா எழுதியாகிவிட்டது.

இனி அது போகும் வழி:

1. அலுவலகத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். அருகிலுள்ள குவாரிக் கல் பாதி வேலைக்குத்தான் கிடைத்தது, மீதிக்குத் தூரத்துக் குவாரிதான் என்று சொல்லி, அதற்கான நடைச்சீட்டுகளையும் காட்டினால் தொகை குறையும் அல்லது வினா அங்கேயே முடியும்.

2. முடியாவிட்டால் ஆய்வறிக்கையில் பத்தியாக ஏறும். அதற்குப் பதிலளிக்கப் பொதுவாக 4 வாரங்கள்.

3. தொகை பெரிதாகவோ, இதே முறைகேடு பல கோட்டங்களில் இருப்பதாகவோ தெரிந்தால், வரைவுப் பத்தியாகித் துறைச் செயலாளரிடம் போகும். இங்கே 6 வாரங்கள்.

4. அதன் பிறகே சி.ஏ.ஜி. அறிக்கையில் இடம். அரசமைப்பின் 151-ஆவது பிரிவின்படி அறிக்கை ஆளுநரிடம் போகிறது. அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும்.

5. சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். அரசு நிறுவனங்கள் என்றால் பொது நிறுவனங்கள் குழு.

வினாவாக எழுந்தவற்றில் மிகச் சிலவே நான்காவது படியை எட்டுகின்றன. செய்தியைப் படிக்கும்போது, இது எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம். முதல் படியில் இருப்பதை ஐந்தாவது படி போல எழுதுவது அந்த உதவிப் பொறியாளருக்குச் செய்யும் அநீதி. ஐந்தாவது படி வரை வந்ததை முதல் படி போல அரசு தள்ளிவிடுவது மக்களுக்குச் செய்யும் அநீதி.

தணிக்கைக்கு இல்லாத அதிகாரங்கள்

சி.ஏ.ஜி. எந்தச் செலவையும் முன்கூட்டித் தடுக்க முடியாது. செலவான பிறகுதான் வருகிறார். யாரையும் தண்டிக்கவோ பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லவோ முடியாது. 2ஜி விவகாரம் இதற்குத் தமிழர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு. 2010-இல் வந்த அறிக்கை, அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை அனுமான இழப்பு என்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அரசுக்கு எவ்வளவு வந்திருக்கலாம் என்று தணிக்கை கணக்கிட்டது. ஒதுக்கிய முறை சட்டப்படியா என்று உச்ச நீதிமன்றம் பார்த்தது. குற்றத்துக்குச் சாட்சியம் இருக்கிறதா என்று விசாரணை நீதிமன்றம் தேடியது. மூன்றும் வேறு வேறு கேள்விகள்.

அறிக்கையைச் சட்டமன்றத்தில் எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று 151-ஆவது பிரிவு சொல்லவில்லை. அதனால் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டு அவையை முடித்துக்கொள்வது, எந்தக் கட்சி ஆண்டாலும், பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது. விவாதிக்க உறுப்பினர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. ஒரு காலக்கெடு வைத்தால் தீரும் குறை இது.

நியமனத்தில் உள்ள ஓட்டை

நீக்குவதை இவ்வளவு கடினமாக்கிய அரசமைப்பு, தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லவில்லை. தகுதி எது என்றும் சொல்லவில்லை. நடைமுறையில் மத்திய அரசு ஒரு பெயரைச் சொல்கிறது, குடியரசுத் தலைவர் ஆணையிடுகிறார். வினோத் ராய், சசி காந்த் சர்மா, ராஜீவ் மெஹ்ரிஷி, கிரீஷ் சந்திர முர்மு, சஞ்சய் மூர்த்தி ஆகிய ஐவரும் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து வந்தவர்கள். சர்மா அதற்கு முன் பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்தவர். அவர் செயலாளராக இருந்தபோது நடந்த கொள்முதலை அவரே தணிக்கை செய்வதா என்ற கேள்வி 2013-இல் எழுந்தது.

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையருக்கும் லோக்பாலுக்கும் தேர்வுக் குழு உண்டு. அதில் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடமும் உண்டு. சி.ஏ.ஜி.க்கு இல்லை. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அரசின் கணக்கைப் பார்க்க வேண்டுமோ அந்த அரசே ஆளைப் பொறுக்குவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. மாநிலங்களின் கணக்கையும் பார்ப்பவர் என்பதால் இது டெல்லியோடு முடிகிற விஷயமும் அல்ல.

நம் ஊர்க் கணக்கை எங்கே பார்ப்பது?

சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கைகள் அந்தத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வைக்கப்படும் முன் அவற்றைக் கேட்டுப் பெற முடியாது. அது சட்டமன்ற உரிமை சார்ந்தது. மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம் போன்றவற்றின் உள்ளாட்சித் தணிக்கை அறிக்கை வேண்டுமென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பத்தியை மட்டும் கேட்காமல், துறை கொடுத்த பதிலுரையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிராமங்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழகக் கிராம சபைகளின் கூட்டப்பொருளில் "ஊராட்சியின் தணிக்கை அறிக்கை" என்று ஒரு வரி இடம்பெறுவது உண்டு. ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சி ஒன்றில், காலையிலேயே காப்பித் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் அந்த வரி வாசிக்கப்படும்போது, அறிக்கையே வாசிக்கப்பட வேண்டும். எத்தனை பத்திகள் நிலுவை, ஒவ்வொன்றிலும் தொகை எவ்வளவு, பதில் அனுப்பியாயிற்றா என்று கேட்டு, அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒருவர் எழுந்து நின்றால் போதும்.